லிட்டருக்கு எவ்வளவு குடுக்கும்?

புது கார் ஒன்று தெருவுக்குள் நுழைந்தால் போதும். எதிர்வீட்டு மாமா, அயர்ன் வண்டிக்காரர், ஊரிலிருந்து வந்த சித்தப்பா என்று யார் எட்டிப் பார்த்தாலும் முதல் கேள்வி ஒன்றுதான்: "லிட்டருக்கு எவ்வளவு குடுக்கும்?" பிரேக் எப்படிப் பிடிக்கிறது, வளைவில் வண்டி எப்படி நிற்கிறது, முட்டினால் உள்ளே இருப்பவன் பிழைப்பானா... இதையெல்லாம் ஒருத்தர் கேட்க மாட்டார்.

இப்படிக் கேட்பவருக்கு நம்மூரில் 'கணக்குத் தெரிந்த மனுஷன்' என்று பெயர். மைலேஜ் கொஞ்சம் குறைந்தாலும் பரவாயில்லை, ஓட்ட நன்றாக இருக்க வேண்டும் என்று வாங்குகிறவனுக்கு 'கார் பைத்தியம்' என்று பெயர். விஷயம் என்னவென்றால், இந்த இருவரில் கணக்குத் தெரியாதவர் முதல் ஆள்தான்.

நம்பிக்கை இல்லையா? போட்டுப் பார்க்கலாம். வருடத்துக்கு 10,000 கிலோமீட்டர், ஐந்து வருடம், மொத்தம் 50,000. பெட்ரோல் லிட்டர் 100 ரூபாய் என்று வைத்துக்கொள்வோம். 20 கிலோமீட்டர் கொடுக்கும் வண்டிக்கு 2,50,000 ரூபாய் செலவு. 16 கொடுக்கும் வண்டிக்கு 3,12,500. வித்தியாசம் 62,500. மாதத்துக்கு ஆயிரத்துச் சொச்சம்.

இப்போது அதே மனிதர் கடன் வாங்குவதைப் பாருங்கள். 6 லட்சம், 9 சதவீத வட்டி. ஐந்து வருடத்தில் அடைத்தால் வட்டி சுமார் 1,47,000. "ஈ.எம்.ஐ. கம்மியா வரும் சார்" என்று ஷோரூம் பையன் சொன்னதும் ஏழு வருடத்துக்குக் கையெழுத்துப் போடுகிறார். வட்டி சுமார் 2,11,000 ஆகிவிடுகிறது. நாலு கிலோமீட்டர் மைலேஜுக்காக மூன்று மாதம் அலைந்து மிச்சம் பிடித்த பணம் அத்தனையும் ஒரு கையெழுத்தில் போச்சு! இதில் தேய்மானத்தைச் சேர்க்கவே இல்லை. 8 லட்சத்துக்கு வாங்கிய வண்டி ஐந்து வருடத்தில் பாதி விலைக்குப் போனால் 4 லட்சம் காலி. காரின் பெரிய செலவு பெட்ரோல் பங்கில் இல்லை, வீட்டு வாசலில் சும்மா நிற்கும்போதே ஓடிக்கொண்டிருக்கிறது.

அடுத்தது, அந்த மைலேஜ் எண்ணே என்ன எண்? விளம்பரத்தில் வரும் ஏ.ஆர்.ஏ.ஐ. கணக்கு ரோட்டில் எடுத்ததல்ல. பரிசோதனைக் கூடத்தில் உருளைகள் மேல் சக்கரத்தைச் சுழலவிட்டு, ஏ.சி. போடாமல், 90 கிலோமீட்டர் வேகத்தைத் தாண்டாமல் எடுத்தது. இரண்டு வண்டிகளை ஒப்பிட அது உதவும். சித்திரை வெயிலில் ஏ.சி. போட்டுக்கொண்டு சிக்னலில் நிற்கும் வண்டிக்கும் அதற்கும் வெகு தூரம்.

மைலேஜ் வெறி ஓட்டும் பழக்கத்தையும் கெடுத்திருக்கிறது. மலை இறக்கத்தில் நியூட்ரலில் போட்டுவிட்டு 'பெட்ரோல் மிச்சம்' என்று பெருமைப்படும் ஆட்கள் இன்றைக்கும் உண்டு. இன்ஜெக்‌ஷன் வந்த பிறகு கியரில் இருக்கும்போது ஆக்ஸிலேட்டரிலிருந்து காலை எடுத்தால் இன்ஜினுக்குப் போகும் எரிபொருளே நின்றுவிடும். நியூட்ரலில்தான் இன்ஜின் அணையாமல் இருக்க எரிபொருள் செலவாகும். அதாவது பெட்ரோலும் மிச்சமில்லை, இன்ஜின் பிரேக்கும் இல்லை, சூடேறிய பிரேக் மட்டும் கையில். கொல்லிமலையின் 70 கொண்டை ஊசி வளைவில் இந்தச் சிக்கனத்தைக் காட்டினால் என்ன ஆகும் என்று சொல்ல வேண்டியதில்லை.

இந்த ஒற்றைக் கேள்வி நல்ல வண்டிகளையும் விழுங்கியிருக்கிறது. 1999-ல் மறைமலை நகரில் தயாராகி வந்த ஃபோர்டு ஐகான், 2001-ல் வந்த ஃபியட் பாலியோ... 1.6 லிட்டர் இன்ஜினுடன் இவற்றை ஓட்டியவர்கள் இன்றைக்கும் ஸ்டீயரிங் பற்றிப் பேசினால் நிறுத்த மாட்டார்கள். ரோட்டைக் கவ்விக்கொண்டு போகும். ஆனால் 'தாகம் ஜாஸ்தி' என்ற பெயர் வந்துவிட்டது. சர்வீஸ், பாகங்கள் பற்றிய புகாரும் சேர்ந்துகொண்டது உண்மைதான். இருந்தாலும் முதல் கல்லை எறிந்தது மைலேஜ் மாமாக்கள்தான்.

இதுவரை சொன்னது பணமும் ரசனையும். உயிர் விஷயம் இனிமேல்தான். 2014 ஜனவரியில் குளோபல் என்கேப் அமைப்பு இந்தியாவில் விற்ற ஐந்து சிறிய கார்களை மணிக்கு 64 கிலோமீட்டர் வேகத்தில் மோதிப் பார்த்தது. ஆல்ட்டோ 800, நானோ, ஐ10, ஃபிகோ, போலோ. ஏர்பேக் இல்லாத அடிப்படை மாடல்கள். பெரியவர்களுக்கான பாதுகாப்பில் ஐந்துமே பூஜ்யம். அதே போலோவை இரண்டு ஏர்பேக்கோடு மோதியபோது நாலு நட்சத்திரம்! கூடுதல் பணம் கொடுத்து ஏர்பேக் வாங்க ஆள் இல்லாததால்தானே அது இல்லாத மாடல் விற்றது? ஏர்பேக்குக்கு மைலேஜ் கிடையாது, யாரும் விசாரிக்கவில்லை. கடைசியில் அரசாங்கம் சட்டம் போட வேண்டியிருந்தது. 2019-ல் ஏ.பி.எஸ்.ஸும் ஓட்டுநர் ஏர்பேக்கும் கட்டாயமாயின. பக்கத்து சீட்டுக்காரருக்கு 2022 வரை காத்திருக்க வேண்டியிருந்தது.

கார் பைத்தியம் என்றால் பெரிய வண்டிப் பைத்தியம் என்று நினைப்பதும் தப்பு. உண்மையான பைத்தியம் 796 சி.சி. மாருதி 800-ஐயும் கொண்டாடுவான். எடை குறைவு, சந்தில் திரும்பும், ஓட்டுகிறவன் சொன்ன பேச்சைக் கேட்கும். அம்பாசடரின் ஸ்டீயரிங்கோடு மல்லுக்கட்டினாலும் பள்ளத்தை அது விழுங்கும் அழகை ரசிப்பான். அவன் முகம் சுளிப்பது அந்தஸ்துக்காக வாங்கிய உயரமான எஸ்.யூ.வி.யைப் பார்த்துத்தான். உயரம் கூடினால் ஈர்ப்பு மையமும் மேலே போகும், வளைவில் சாயும். காட்டுப் பாதையையே பார்க்காத அந்த வண்டியை வாங்கியவரும் முதலில் கேட்டது... ஆமாம், அதே கேள்விதான்.

ஒரு நியாயம் சொல்லியாக வேண்டும். மாதம் 4,000 கிலோமீட்டர் ஓடும் டாக்ஸிக்காரருக்கு மைலேஜ்தான் சோறு. மேலே போட்ட அதே கணக்கில் அவருக்கு மாதம் 5,000 ரூபாய் வித்தியாசம் வரும். அவர் கேட்கட்டும், கேட்கத்தான் வேண்டும். ஞாயிற்றுக்கிழமை கோயிலுக்கும் எப்போதாவது கல்யாணத்துக்கும் வண்டி எடுப்பவர் அவர் கேள்வியைக் கடன் வாங்கிக்கொண்டு அலைவதுதான் வேடிக்கை.

ஆகவே அடுத்த முறை ஷோரூமுக்குப் போகிறவர்கள் கேள்விகளின் வரிசையை மாற்றினால் போதும். எத்தனை நட்சத்திரம்? டயர் என்ன தரம்? பின்சீட்டில் நடுவில் உட்காருகிறவருக்கும் தோளோடு சேர்த்துப் போடும் பெல்ட் உண்டா? வெறும் ரவுண்டு அடிக்காமல் ஒரு மணி நேரம் ஓட்டிப் பார்க்க வண்டி தருவீர்களா? மொத்த வட்டி எவ்வளவு? இத்தனைக்கும் பதில் வாங்கிய பிறகு, கடைசியாக, மைலேஜையும் கேட்டுக்கொள்ளலாம். மாதம் ஆயிரம் ரூபாய் விஷயத்துக்கு வரிசையில் அந்த இடம் போதும்.