ஐந்தாவது நாற்காலி எங்கே?

"ஆலை பிழைத்துக்கொண்டதாமே!"

"யார் சொன்னது?"

"ஏட்டிலே வந்திருக்கிறது. முதலாளியும் பாங்கிக்காரர்களும் கூடிப் பேசினார்களாம். கோர்ட்டுக்குப் போகாமலேயே கடனைச் சீரமைத்துவிட்டார்களாம்."

"நம்முடைய மூன்று மாதச் சம்பள பாக்கி?"

"அதைப் பற்றி ஏட்டிலே ஒரு வரியும் இல்லை!"

தோழர்களே! ஆலை வாயிலிலே, தேநீர்க் கடையிலே இப்படிப்பட்ட பேச்சு நம் காதிலே விழாத நாள் உண்டா? "கடன் சீரமைப்பு" என்ற சொல்லைக் கேட்டதும், அது பெரிய இடத்து விவகாரம், பட்டம் பெற்ற கணக்கர்களின் வேலை, பஞ்சு படிந்த சட்டைக்காரனுக்கு அதிலே என்ன புரியும் என்று ஒதுங்கிப் போய்விடுகிறோம். ஒதுங்குகிறவனை ஒதுக்கிவைப்பது உலக வழக்கம்! ஆகவேதான் இன்று அந்தச் சொல்லைப் பிரித்து, உள்ளே என்ன இருக்கிறது என்று பார்ப்போம்.

ஓர் ஆலை என்று வைத்துக்கொள்வோம். அதற்கு 5 பாங்கிகளிலே மொத்தம் 100 கோடி ரூபாய் கடன். வட்டி 12 விழுக்காடு என்றால், ஆண்டுக்கு வட்டி மட்டும் 12 கோடி. ஆனால் கூலி, பஞ்சு, மின்சாரம் எல்லாம் போக ஆலையிலே மிஞ்சுவதோ 7 கோடி. வட்டிக்கே போதவில்லை, அசலை எங்கே கட்டுவது?

இப்போது பாங்கிகளுக்கு முன்னே இரண்டு வழிகள். ஒன்று, கோர்ட்டுக்குப் போவது. ஆலையைப் பூட்டி, இயந்திரத்தைக் கழற்றி, நிலத்தை ஏலம் போட்டால், ஆண்டுகள் பல கழிந்த பிறகு 40 கோடி கிடைக்கலாம். மற்றொன்று, உட்கார்ந்து பேசுவது. 100 கோடியிலே 30 கோடியை ஆலையின் பங்குகளாக மாற்றிக்கொள்கிறார்கள். மீதி 70 கோடிக்கு வட்டியை 9 விழுக்காடாகக் குறைக்கிறார்கள். ஆண்டு வட்டி 6 கோடியே 30 லட்சம். மிஞ்சும் 7 கோடியிலே அதைக் கட்டிவிடலாம். அசலுக்கு இரண்டு ஆண்டு தவணை தள்ளிவைக்கிறார்கள். ஆலைச் சங்கு தொடர்ந்து ஊதுகிறது.

கோர்ட்டுக்கு வெளியே நடக்கும் கடன் சீரமைப்பின் சாரம் இவ்வளவுதான். இதிலே மாயமும் இல்லை, மந்திரமும் இல்லை.

இதை நாம் எதிர்க்கிறோமா? இல்லை! பூட்டிய ஆலையிலே கூலி கேட்க முடியாது. ஏலம் போன இயந்திரத்தின் முன்னே எந்தத் தொழிலாளியும் நிற்க முடியாது. பேசித் தீர்ப்பதால் ஆலை பிழைக்குமானால் பேசித் தீர்க்கட்டும். அதை நாமும் வரவேற்போம். நாம் கேட்பது வேறு. பேசுகிறவர்கள் யார் யார்? அந்த மேசையைச் சுற்றி எத்தனை நாற்காலிகள்?

முதலாளிக்கு ஒரு நாற்காலி. பாங்கிகளுக்கு ஒரு நாற்காலி. சொத்தை மதிப்பிடும் நிபுணருக்கு ஒன்று. ஒப்பந்தம் எழுதும் வக்கீலுக்கு ஒன்று. ஆக நான்கு. ஆலையை ஓட்டுகிறானே, அவனுக்கு? ஐந்தாவது நாற்காலி எங்கே?

இந்த நாட்டிலே இந்த ஏற்பாடு நேற்று முளைத்ததல்ல. 2001ஆம் ஆண்டு ரிசர்வ் பாங்கி கம்பெனிகளுக்கான கடன் சீரமைப்புத் திட்டத்தைக் கொண்டுவந்தது. கடன் தொகையிலே 75 விழுக்காடு வைத்திருக்கும் பாங்கிகளும், எண்ணிக்கையிலே 60 விழுக்காடு பாங்கிகளும் ஒப்புக்கொண்டால் மற்றவையும் கட்டுப்பட வேண்டும் என்பது அதன் பிற்கால விதி. பிறகு 2015லே ஒரு திட்டம், 2016லே ஒரு திட்டம். 2018 பிப்ரவரி 12ஆம் நாள் அவை அனைத்தையும் ரத்து செய்து, 2,000 கோடிக்கு மேற்பட்ட கடன்களை 180 நாளிலே தீர்க்காவிட்டால் திவால் சட்டத்தின் கீழ் கொண்டுபோக வேண்டும் என்று ரிசர்வ் பாங்கி கண்டிப்பான சுற்றறிக்கை விட்டது. அந்தச் சுற்றறிக்கையை 2019 ஏப்ரல் 2ஆம் நாள் சுப்ரீம் கோர்ட் செல்லாது என்று தள்ளியது. அந்த வழக்குக்குப் பெயர் தந்த கம்பெனி, நம் தமிழ்நாட்டுச் சர்க்கரைக் கம்பெனியான தரணி சுகர்ஸ்.

பிறகு 2019 ஜூன் 7ஆம் நாள் புதிய விதி வந்தது. தவணை தவறியதும் 30 நாளைக்குள் பாங்கிகள் நிலைமையை ஆராய வேண்டும். தங்களுக்குள் ஓர் ஒப்பந்தம் செய்துகொள்ள வேண்டும். அதே 75, அதே 60. இதிலே ஒரு நியாயமான பாதுகாப்பும் வைத்தார்கள். "இந்த ஏற்பாடு எனக்குப் பிடிக்கவில்லை" என்று மறுத்து வாக்களித்த பாங்கிக்கும், ஆலையை மூடி விற்றால் அதற்கு எவ்வளவு கிடைத்திருக்குமோ அதற்குக் குறையாமல் தரவேண்டும் என்று எழுதினார்கள்.

கவனியுங்கள் தோழர்களே! மறுத்த பாங்கிக்கும் பாதுகாப்பு உண்டு. தோற்ற வாக்குக்கும் விலை உண்டு. வாக்கே இல்லாதவனுக்கு? அவனைப் பற்றி அந்த ஏற்பாடு வாய் திறக்கவில்லை!

"தொழிலாளிக்கு ஏன் நாற்காலி? அவன் கடன் கொடுத்தவனா?" என்று கேட்பார்கள், மெத்தப் படித்தவர்கள்.

ஆம், கடன் கொடுத்தவன்தான்! மாதம் முழுவதும் உழைப்பை முதலிலே கொடுத்துவிட்டு, முடிவிலே கூலி வாங்குகிறானே, அந்த ஒரு மாதம் அவன் ஆலைக்குக் கொடுத்த கடன் அல்லவா? மூன்று மாதம் சம்பளம் நின்றால் மூன்று மாதக் கடன். பாங்கி தன் கடனுக்கு நிலத்தை அடமானம் வாங்குகிறது, இயந்திரத்தை ஈடு வாங்குகிறது, முதலாளியின் சொந்த ஜாமீனும் வாங்குகிறது. தொழிலாளி என்ன வாங்கினான்? "அடுத்த வாரம் பார்க்கலாம்" என்ற வாய்ச்சொல்லை வாங்கினான்!

ஏட்டளவிலே பேசுவது போதாது. நடந்ததைப் பார்ப்போம்.

கிங்பிஷர் விமானக் கம்பெனியை எடுத்துக்கொள்ளுங்கள். அதன் கடனைச் சீரமைக்கிறோம் என்று கூடிய பாங்கிகள், 2011லே கடனின் ஒரு பகுதியைப் பங்குகளாக மாற்றிக்கொண்டன. சந்தையிலே ஏறத்தாழ 40 ரூபாய்க்கு விற்ற பங்கை, 64 ரூபாய் 48 காசு விலையிலே எடுத்துக்கொண்டன! பொதுமக்கள் பணத்தை வைத்திருக்கும் பாங்கிகள் காட்டிய தாராளத்தைப் பாருங்கள். 2012 அக்டோபரிலே விமானங்கள் நின்றன. மாதக்கணக்கிலே சம்பளம் காணாத ஊழியர்கள் தெருவிலே நின்றனர். 6,203 கோடி ரூபாயை வட்டியோடு வசூலிக்கலாம் என்று 2017லே தீர்ப்பாயம் ஆணை பிறப்பித்தது. முதலாளியோ 2016லேயே கடல் கடந்துவிட்டார்!

அடுத்து ஜெட் ஏர்வேஸ். பாங்கிக் கடன் 8,000 கோடிக்கு மேல். 2019 பிப்ரவரியிலே பாங்கிகளே ஒரு திட்டம் வகுத்தன. 11 கோடியே 40 லட்சம் பங்குகள் மொத்தம் 1 ரூபாய்க்குப் பாங்கிகளுக்கு. கம்பெனியிலே பாதிக்கு மேல் அவர்கள் கைக்கு. மார்ச் 25ஆம் நாள் நிறுவனத் தலைவர் விலகினார். 1,500 கோடி ரூபாய் இடைக்கால நிதி வரும் என்று சொல்லப்பட்டது. விமானி காத்திருந்தார். பொறியாளர் காத்திருந்தார். சாமான் தூக்குகிறவர் காத்திருந்தார். பணம் வரவில்லை. ஏப்ரல் 17ஆம் நாள் இரவோடு விமானங்கள் தரை இறங்கின. ஜூன் மாதம் வழக்கு திவால் தீர்ப்பாயத்துக்குப் போயிற்று. 2024 நவம்பர் 7ஆம் நாள், கம்பெனியைக் கலைத்துவிடுங்கள் என்று சுப்ரீம் கோர்ட் கூறிவிட்டது.

அந்த ஐந்தாண்டிலே ஊழியர்களுக்கு ஒரு வெற்றியாவது கிடைத்ததா? கிடைத்தது. பிராவிடண்டு பண்டையும் கிராஜுவிட்டியையும் முழுமையாகக் கொடுக்க வேண்டும் என்று 2022லே மேல்முறையீட்டுத் தீர்ப்பாயம் கூறியது. அடுத்த ஆண்டு சுப்ரீம் கோர்ட்டும் அதை மாற்ற மறுத்தது. அந்த வெற்றி எங்கே கிடைத்தது? கோர்ட்டிலே! மூடிய அறைக்குள் பேசிய மேசையிலே அல்ல!

இதிலேதான் ஒரு வேடிக்கை இருக்கிறது. கோர்ட் வழி நீண்டது, கொடியது, ஆலையைக் கொல்லக்கூடியது. ஆனாலும் அங்கே தொழிலாளிக்கு ஏதோ ஓர் இடம் எழுதப்பட்டிருக்கிறது. 2016ஆம் ஆண்டுத் திவால் சட்டத்தின் 53ஆம் பிரிவு, கம்பெனி கலைக்கப்படும்போது தொழிலாளியின் 24 மாத பாக்கியை, ஈடு பெற்ற பாங்கியின் கடனோடு சம வரிசையிலே வைக்கிறது. பிராவிடண்டு பண்டு, கிராஜுவிட்டி நிதிகளைப் பங்கு போடும் சொத்திலே சேர்க்கக்கூடாது என்கிறது 36ஆம் பிரிவு. உறுப்பினர்களின் சம்பள பாக்கிக்காகப் பதிவு பெற்ற தொழிற்சங்கமே மனு போடலாம் என்று 2019 ஏப்ரல் 30ஆம் நாள், ஜூட் மில் தொழிலாளர் சங்கம் ஒன்றின் வழக்கிலே சுப்ரீம் கோர்ட் தீர்ப்பளித்தது. அங்கும் கடன்காரர் குழுவிலே நமக்கு வாக்கு இல்லை என்பது குறைதான். ஆயினும் வரிசையிலே ஓர் இடமாவது உண்டு.

ஆலையைக் காப்பாற்றும் வழியிலே நமக்கு இடமில்லை. ஆலையைப் புதைக்கும் வழியிலே இடம் உண்டு! என்னே இந்த நியாயம்!

இன்னொன்றையும் நம் தோழர்கள் மனத்திலே பதித்துக்கொள்ள வேண்டும். கோர்ட்டுக்கு வெளியே செய்யும் ஒப்பந்தம், கையெழுத்திட்டவர்களை மட்டுமே கட்டும். பாங்கி தன் வட்டியைக் குறைத்துக்கொள்ளலாம். உன் கூலி பாக்கியைக் குறைக்க அந்தத் தாளுக்கு அதிகாரம் இல்லை. "பாங்கியோடு ஒப்பந்தம் ஆகிவிட்டது, ஆகவே பாதிச் சம்பளம்தான்" என்று எவராவது சொன்னால், "அந்த ஒப்பந்தத்திலே எங்கள் கையெழுத்து எங்கே?" என்று கேள்! பாக்கி பாக்கியாகவே நிற்கிறது. ஆனால் ஆபத்து பின்வாசல் வழியாக வருகிறது. "செலவைக் குறைப்போம்" என்று திட்டத்திலே ஒரு வரி இருக்கும். அந்த ஒரு வரிதான் பிறகு ஷிப்டு நிறுத்தமாக, தானாக விலகும் திட்டமாக, நிரந்தர ஆளுக்குப் பதில் ஒப்பந்த ஆளாக உருவெடுக்கும். அந்த வரி எழுதப்படும்போது நாம் அங்கே இருக்க வேண்டும் என்பதற்குத்தான் நாற்காலி கேட்கிறோம்.

"நடக்கிற காரியமா இது?" என்று சிரிப்பவர்களுக்கு ஒரு சேதி. முதலாளித்துவத்தின் தலைநகரம் என்று போற்றப்படும் அமெரிக்காவிலேயே நடந்திருக்கிறது! 1979லே கிரைஸ்லர் மோட்டார் கம்பெனி விழும் நிலைக்கு வந்தது. கடன் கொடுத்த பாங்கிகள் சுமார் 400. திவால் கோர்ட்டுக்குப் போகாமல் பேசினார்கள். 150 கோடி டாலர் கடனுக்கு அரசு ஜாமீன் நிற்கும் சட்டத்திலே ஜனாதிபதி கார்ட்டர் 1980 ஜனவரி 7ஆம் நாள் கையெழுத்திட்டார். பாங்கிகளும் விட்டுக்கொடுக்க வேண்டும், தொழிலாளரும் விட்டுக்கொடுக்க வேண்டும் என்றது சட்டம். தொழிலாளர் கூலியிலே விட்டுக்கொடுத்தனர். ஆனால் சும்மா கொடுக்கவில்லை! மோட்டார் தொழிலாளர் சங்கத் தலைவர் டக்ளஸ் பிரேசர், அதே ஆண்டு மே மாதம் கம்பெனியின் டைரக்டர் குழுவிலே அமர்ந்தார். 1983லே கம்பெனி அந்தக் கடனைக் கெடுவுக்கு முன்பே அடைத்துவிட்டது.

அங்கே ஒருவருக்கும் வேலை போகவில்லை என்று நான் கூறவரவில்லை. பல்லாயிரவர் வேலை இழந்தனர், தொழிற்சாலைகள் மூடப்பட்டன. நாற்காலி கிடைத்தால் நட்சத்திரம் கையிலே வந்துவிடாது. ஆனால் தியாகம் கேட்கப்பட்டவனுக்குக் கணக்கு காட்டப்பட்டது. கணக்கு பார்த்தவன் பேச முடிந்தது. அந்த அளவாவது இங்கே வேண்டாமா?

"ரகசியம் வெளியாகிவிடும். சரக்குக் கொடுப்பவர்கள் பயந்து ஓடுவார்கள்" என்று ஒரு வாதம் வைப்பார்கள். ஆலை நொடித்துப்போவதை ஊரெல்லாம் சொல்லித் திரிவதிலே தொழிலாளிக்கு என்ன லாபம்? பாங்கிக்கு வேறு ஆயிரம் வாடிக்கைக்காரர்கள் உண்டு. முதலாளிக்கு வேறு கம்பெனிகள் உண்டு. அந்த ஓர் ஆலையையே நம்பி, அதன் சங்கொலியிலே பிள்ளைகளை வளர்த்தவன் அவன் ஒருவன்தான். அவனைவிடப் பத்திரமாக அந்த ரகசியத்தைக் காப்பவர் யார்?

"விதியிலே இடமில்லையே!" என்பார்கள் கடைசியாக. விதி என்ன, வானத்திலிருந்து விழுந்ததா? பாங்கிகள் விட்டுக்கொடுக்கும் தொகையிலே 20 விழுக்காடு, அல்லது சீரமைக்கும் கடனிலே 2 விழுக்காடு, இரண்டிலே எது அதிகமோ அதை முதலாளி சொந்தப் பணமாகக் கொண்டுவர வேண்டும் என்று 2013லே ரிசர்வ் பாங்கி எழுதவில்லையா? முதலாளி கொண்டுவர வேண்டியதை எழுத முடிந்த பேனாவுக்கு, தொழிலாளிக்குச் சேர வேண்டியதை எழுத மை வற்றிவிடுமா?

நாம் கேட்பவை நான்கு. அந்த 30 நாள் ஆராய்ச்சி தொடங்கும் நாளிலேயே தொழிற்சங்கத்துக்கு எழுத்து மூலம் அறிவிப்பு வரட்டும். சீரமைத்த கடனுக்கு முதல் வட்டி கட்டுமுன், சம்பள பாக்கியும் பிராவிடண்டு பண்டு பாக்கியும் தீரட்டும். "செலவுக் குறைப்பு" என்ற வரியிலே சங்கத்தின் கையெழுத்து இல்லாமல் ஓர் ஆளையும் குறைக்காதிருக்கட்டும். பாங்கி காணும் கணக்கைச் சங்கமும் காணட்டும்.

இது பேராசையா? பாங்கிக்கு அதன் வட்டி வரட்டும். முதலாளிக்கு அவர் ஆலை நிலைக்கட்டும். ஆலைக்கு உயிர் கொடுப்பவனுக்கு அவன் கூலி வரட்டும் என்கிறோம், அவ்வளவுதான்.

தோழர்களே! அடுத்த முறை ஆலை வாயிலிலே "சீரமைப்பு" என்ற சொல் காதிலே விழுந்தால், ஒதுங்கிப் போகாதீர்கள். சங்கத்தைக் கூட்டுங்கள். பாக்கியை ஆள்வாரியாகக் கணக்கெடுத்து எழுதிவையுங்கள். பாங்கிக்கும் நிர்வாகத்துக்கும் அதே நாளிலே கடிதம் அனுப்புங்கள். கதவு மூடியிருந்தால் தட்டுங்கள். உள்ளே நான்கு நாற்காலிகள்தாம் உள்ளன என்றால், ஐந்தாவதைத் தோளிலே சுமந்துகொண்டு போங்கள். நாற்காலி செய்யத் தெரிந்தவர்கள் நாம்தானே!