செவிக்கு முந்தியது கிவி

தமிழிலிருந்தே கன்னடம் பிறந்தது என்று 2025 மே மாதம் சென்னை மேடையொன்றில் கமல்ஹாசன் கூறியதும் பெங்களூர் கொதித்தது. கர்நாடகத்தில் அவர் படம் வெளிவராமல் முடங்கியது. மன்னிப்புக் கேட்க வேண்டும் என்றது ஒரு தரப்பு. வரலாற்றுக்கு மன்னிப்பா என்றது மறுதரப்பு. அகராதியைப் புரட்டியோர் இரு தரப்பிலும் அரியர். 1894இல் கன்னட அகராதி வெளியிட்ட கிட்டல், அதே நகரின் எம்.ஜி. சாலையில் சிலையாக நின்றுகொண்டிருக்கிறார்.

உறுப்புப் பெயர்கள் முதலிய அடிப்படைச் சொற்கள் எளிதில் கடன் வாங்கப்படுவதில்லை. ஆகவே உறவை அளக்க இவையே தக்க சான்று. தமிழின் செவி கன்னடத்தில் கிவி. சீப்பிடித்த புண்ணின் சீ அங்கே கீவு. சேறு கெசறு, செய் என்னும் வினை பழங்கன்னடத்தில் கெய். இகர, எகர உயிர்களின் முன் நின்ற பழைய ககரம் தமிழில் சகரமாகத் திரிந்தது; கன்னடம் அதை அப்படியே காத்தது. கிளி, கேள், கீழ் ஆகியவை தமிழிலும் திரியாமல் நிற்பதற்குப் பின்வரும் நாவளை ஒலியே காரணம். இத்தனை ஒழுங்கு தற்செயலாக அமையாது.

திரிபு ஏன் எதிர்த்திசையில், சகரத்திலிருந்து ககரத்துக்கு, நிகழ்ந்திருக்கக்கூடாது எனச் சிலர் கேட்கலாம். முடியாது. தலைமுடியில் விழும் சிக்கு கன்னடத்திலும் சிக்குதான். தமிழே தாயாயின், எந்தச் சகரத்தைக் ககரமாக்குவது, எதை விட்டுவிடுவது என்பதைக் கன்னடியர் எவ்வாறு அறிந்தனர்? ஆங்கிலத்திலும் இதே கதைதான். முகவாயை ஆங்கிலேயர் சின் என்பர், ஜெர்மானியர் கின் என்பர். ககரத்தைக் காத்தது ஜெர்மன். அதனால் ஒன்று மற்றொன்றின் மகளாகிவிடவில்லை.

தமிழ் காத்தவையும் உண்டு. வேர் கன்னடத்தில் பேரு. யுகாதியன்று பெங்களூர் வீடுகளில் உண்ணும் பேவு-பெல்ல, நம் வேம்பும் வெல்லமுமே. அங்கே வகரம் ஒலிப்புடைய பகரமாயிற்று. பல் ஹல்லு ஆயிற்று, பூ ஹூ ஆயிற்று. இவற்றில் பழமை தமிழின் பக்கம். ஒவ்வொன்றும் ஒன்றைக் காத்து மற்றொன்றை இழந்தது. இதற்குப் பெயர் உடன்பிறப்பு. இதில் கன்னடியர் இழிவென்று கொதிக்கவும் எதுவுமில்லை.

தென்மொழிகள் ஒரு தனிக் குடும்பம் என்பதை எல்லிஸ் 1816இலேயே எழுதினார். கால்டுவெல் 1856இல் விரித்து நிறுவினார். அதன் பிறகும், 1891இல் வெளியான மனோன்மணீயத்தின் தமிழ்த்தெய்வ வணக்கம், கன்னடம் உள்ளிட்ட மொழிகளைத் தமிழின் வயிற்றில் பிறந்தவையாகப் பாடிற்று. கவிஞருக்கு அவ்வுரிமை உண்டு. 1970இல் அப்பாடலைத் தமிழ்த்தாய் வாழ்த்தாக ஏற்ற தமிழக அரசே அவ்வடிகளை விலக்கிவிட்டது! மேடைப் பேச்சாளர்களோ விலக்கியதையே பிடித்துக்கொண்டிருக்கின்றனர்.

மூலத்திராவிடம் என்பதே பழந்தமிழ்தானே என்பது அவர்களின் கடைசிப் புகலிடம். தொல்காப்பியத்திலேயே செவிதான் இருக்கிறது, கிவி இல்லை. அதற்கும் முந்திய பொது மூதாதைக்குத் தமிழ் என்று பெயரிடலாமெனில், அதையே கன்னடம் என அழைக்கக் கன்னடியருக்கும் தடையில்லை; காட்டுவதற்கு அவர்கள் கையில் கிவி இருக்கிறது.