அனுப்பப்படாத கடிதம்

சினம் எல்லார்க்கும் வருவதே. ஆயினும், தமக்குக் கீழே பணியாற்றுவோர்மீது தலைவர் ஒருவர் கொள்ளும் சினத்திற்கு எதிர்மொழி கூற அவர்களுக்கு வாயில்லை. ஆகவே, அதிகாரம் பெற்றவரிடத்திலேதான் அடக்கம் மிகுதியும் இருத்தல் வேண்டும். 1863ஆம் ஆண்டு யூலை மாதத்தில் அமெரிக்க ஜனாதிபதி ஆபிரகாம் லிங்கன் எழுதிய இரு கடிதங்கள் இதற்குச் சான்றாகும்.

உள்நாட்டுப் போர் நடந்த காலம் அது. விக்ஸ்பேர்க் நகரைப் பிடிக்கச் சேனாதிபதி கிராண்ட் மேற்கொண்ட வழி தவறானது என லிங்கன் அஞ்சியிருந்தார். யூலை 4ஆம் நாள் அந்நகர் பணிந்தது. 13ஆம் நாள் லிங்கன் கிராண்டுக்குக் கடிதம் வரைந்து, அவர் எண்ணியதே சரி என்றும், தாம் எண்ணியது பிழை என்றும் ஒளிவின்றி ஒப்புக்கொண்டார்.

மறுநாள் எழுதியது வேறொரு கடிதம். கெற்றிஸ்பேர்க்கில் வெற்றி பெற்ற சேனாதிபதி மீட், பின்வாங்கிய பகைவரை உடனே தாக்கவில்லை. அவர்கள் பொற்றோமாக் ஆற்றைக் கடந்து தப்பிவிட்டனர். இனிப் போர் நீளுமே என லிங்கன் நெஞ்சம் வெதும்பினார். அவரது அதிருப்தியை அறிந்த மீட், பதவி விலகவும் முன்வந்தார். அவருக்கென நன்றியுடன் தொடங்கிய கடிதம், கடிந்துரையாக நீண்டது. ஆயின் லிங்கன் அதனை அனுப்பினாரல்லர். கையொப்பமிடவுமில்லை, அனுப்பவுமில்லை என உறையின்மீது குறித்து வைத்துவிட்டார். 1865இல் போர் முடியும்வரை அப்படையின் தலைவராக மீட் நீடித்தார்.

லிங்கனின் சினம் பொய்யன்று. அதனை அவர் மறைத்து மனத்துள் புழுங்கவுமில்லை. தாளில் இறக்கி வைத்தார். தம் பிழையை ஒப்புக்கொண்ட கடிதத்தை அனுப்பினார். பிறர் பிழையைச் சுட்டிய கடிதத்தை நிறுத்தினார். நம்மிற் பலர் செய்வதோ இதற்கு நேர்மாறு. பாராட்டை நாளைக்கென ஒத்திவைக்கின்றோம். கடுஞ்சொல்லையோ, பலர் காணும் கைப்பேசிக் குழுவிலே நொடிப்பொழுதில் அனுப்பிவிடுகின்றோம்.

அலுவலகத்திற் பிழை கண்டால் திருத்தத்தான் வேண்டும். ஆயினும், சினத்தோடு எழுதியதை ஓர் இரவு வைத்திருங்கள். காலையில் மீண்டும் படியுங்கள். பின்னர் உரியவரைத் தனியே அழைத்து, முதலில் அவர் கூறுவதைக் கேளுங்கள். பிழை நம்முடையதாயின் அதனை நாமே முதலிற் சொல்லிவிடுவோம். அதனால் தலைவரின் மதிப்புக் குன்றுவதில்லை. அவரிடம் உண்மை பேசும் துணிவு மற்றவர்க்கு உண்டாகின்றது.

இன்று மாணவராயிருப்போர் நாளை தலைவராவர். இப்பழக்கத்தை இப்பொழுதே தம்பி தங்கையரிடம் தொடங்கலாமே!