மிகைவேகமும் மெய்ச்சோதனையும்

வீட்டுக் கணினியை, செய்தோர் விதித்த வேகத்திற்கு மேல் ஓட்டுதலை ஓவர்கிளாக்கிங் என்பர். பொருள் கொடாமலே பெறும் வேகமாதலின் இளைஞர்க்கு இதன்பால் வேட்கை மிகுதி. 1998-ல் வெளிவந்த செலரான் 300ஏ என்னும் 300 மெகாஹெர்ட்ஸ் செயலியை, மதர்போர்டின் துடிப்பை 66-லிருந்து 100 ஆக உயர்த்தி, 450-ல் ஓட்டினோர் உலகெங்கும் பலர். இவ்வேட்கையை யாம் பழிக்கவில்லை. யாமும் அதற்கு ஆட்பட்டவரே. சோதனையிற் காட்டும் சோம்பலையே பழிக்கின்றோம்.

"கணினி நிற்காமல் ஓடுகின்றது, ஆகவே நலம்" என்பர் நண்பர். நின்றுபோகும் கணினியாவது தன் குறையைத் தானே சொல்லிவிடும். கணக்கைத் தவறாகச் செய்துவிட்டு, ஒன்றும் நிகழாதது போல ஓடுவதே அஞ்சத்தக்கது. பெரம்பலூர் வட்டாரத்து வழக்குச் சொற்களை முதியோரிடம் கேட்டுத் தொகுத்து எம் கணினியில் வைத்திருந்தோம். அக்கணினி மார்கழியில் ஒரு மணி நேரச் சோதனையில் தேறியது. சித்திரையில் ஒலிப்பதிவுகளையெல்லாம் ஒரு ஜிப் கோப்பாகச் சுருக்கி, மூலங்களை அழித்தோம். அஃது எம் அறிவீனம். ஆவணியில் திறந்தபோது பாதி திறக்கவில்லை. சொற்களைத் தந்த பாட்டியருள் ஒருவர் அதற்குள் காலமாயினார். அன்று நண்பகலே மீண்டும் சோதித்தோம். சில நிமிடங்களிற் பிழை தோன்றிற்று.

1996-ல் ஜார்ஜ் வோல்ட்மன் தொடங்கிய மெர்சென் பகாஎண் தேட்டத்தின் பொருட்டு எழுந்த பிரைம்95 என்னும் நிரலே இதற்கு உரைகல். விடை முன்னரே தெரிந்த பெருங்கணக்குகளைக் கொடுத்து, வந்த விடையை அஃது ஒப்பிடும், முழுவெண்ணினின்று 0.4-க்கு மேல் விலகினால் பிழையென்று நிறுத்திவிடும். 2016-ல் இன்டெலின் ஸ்கைலேக் செயலியிலே, மிகைவேகம் இன்றியும், மறைந்து கிடந்த குற்றத்தை வெளிப்படுத்தியதும் இந்நிரலே. நினைவகத்திற்கு மெம்டெஸ்ட்86 தனியே வேண்டும்.

எத்தனை மணி நேரம் சோதிக்க வேண்டும் என்று வினவுவோர் பலர். எந்த மாதத்தில் என்று வினவுவோரைக் கண்டிலோம். மின்னழுத்தத்தைப் பத்திலொரு பங்கு கூட்டினால், வேகத்தைக் கூட்டாமலே, திறன் ஐந்திலொரு பங்கிற்கு மேல் ஏறும், அத்தனையும் வெப்பமாகும். குளிர்நாட்டார் எழுதிய அளவுகள் கத்திரி வெயிலில் வெந்த எம் ஓட்டு வீட்டிற்கு எங்ஙனம் பொருந்தும்? அரியலூரிலோ சுண்ணாம்புக்கல்லும் சிமெண்டும் ஏற்றிய லாரிகள் ஓயாத சாலையோரத்தில் எம் தோழர் வீடு. மாதந்தோறும் விசிறியைத் துடைத்தும் வெண்டுகள் படிகின்றது.

கடும் வெயிலிற் சோதித்தால் செயலி கெடும் என்று அஞ்சுவாரும் உளர். இன்டெல் செயலிகள் பல 100 பாகையை அணுகியதும் தாமே வேகத்தைக் குறைத்துக்கொள்ளும். அன்றியும், சோதனையைத் தாங்காதது வேலையை மட்டும் தாங்குமோ? மின்கட்டணம் கண்டு எம் அன்னையார் உரைத்தவற்றை ஈண்டு எழுதுதல் முறையன்று.

இப்பொழுது எம் கணினி விதித்த வேகத்திலேயே ஓடுகின்றது. அடுத்த கத்திரியில், நண்பகல் தொடங்கி நாலு மணி வரை சோதித்துத் தேறிய பின்னரே கூட்டுவோம். எஞ்சிய சொற்றொகுதியின் படியொன்று அரியலூர்த் தோழரிடம் இருக்கின்றது.