கங்காணியும் கணினியும்

ஒருவர் நமக்காக உழைக்கிறார் என்பதும், நமக்கு மட்டுமே உழைக்கிறார் என்பதும் ஒன்றல்ல. இவ்வேறுபாட்டை ஊவா மலைகளில் வாழும் நமக்கு எவரும் புதிதாகக் கற்பிக்க வேண்டியதில்லை. ஆயினும் கணினியின் முன் அமரும்போது அப்பாடத்தை மறந்துவிடுவோமோ என்று நான் அஞ்சுகிறேன்.

அச்சிட்ட நூலைப் பதிப்பித்தவர் தந்த வடிவிலேயே படித்தாக வேண்டும். இணையப் பக்கமோ நம் கணினியை வந்தடைந்த பின்னர் நம் விருப்பப்படி மாற்றத்தக்கது. 1995ஆம் ஆண்டு பிரெண்டன் ஐக் உருவாக்கிய ஜாவாஸ்கிரிப்ட் என்னும் நிரல்மொழியே இதற்கு அடிப்படை. பக்கத்தை ஆக்கியோர் மட்டுமன்றிப் படிப்போரும் தம் சிறு நிரலை அதனுள் இயக்கலாம் என்ற வழியை, 2005இல் ஆரன் பூட்மன் ஆக்கிய கிரீஸ்மங்கி பயர்பொக்ஸ் உலாவியில் திறந்துவிட்டது. 2010இல் தோன்றிய டாம்பர்மங்கி அவ்வழியைப் பிற உலாவிகளுக்கும் கொண்டு சென்றது.

இதனால் நமக்கு ஆவது யாது? பழைய தமிழ்த் தளங்கள் பல, ஒருங்குறி பரவுவதற்கு முந்திய எழுத்துருக்களில் அமைந்தவை. உரிய எழுத்துரு இல்லையேல் தமிழுக்குப் பதில் பொருளற்ற குறிகளே திரையில் தோன்றும். எழுத்துக்கு எழுத்து மாற்றும் சிறு நிரலொன்று அவற்றைப் படிக்கத்தக்க தமிழாக்கித் தரும். ஆங்கிலத்தில் மட்டும் வெளியாகும் ஒரு படிவத்தின் ஒவ்வொரு கட்டத்தருகிலும் தமிழ் விளக்கம் தோன்றச் செய்யலாம். பசறையிலோ அப்புத்தளையிலோ இருந்து படிவம் நிரப்பும் தாயொருத்திக்கு அது பிறர் தயவை நாடாத பெருமையைத் தரும். 1987இன் 13ஆம் திருத்தம் தமிழையும் ஆட்சிமொழி ஆக்கிற்று. மாணவன் இவ்வாறு உதவுவதால், தமிழிற் படிவம் தரவேண்டிய அரசின் கடமை ஒரு சிறிதும் குறைந்துவிடாது.

இனி, மறுபுறத்தைப் பார்ப்போம். நாம் அனுமதித்த நிரல் நம் அதிகாரத்துடனேயே பக்கத்தினுள் நுழைகிறது. நாம் காண்பதை அதுவும் காணும். நாம் தட்டச்சிடும் கடவுச்சொல்லையும் அறியும். கங்காணியும் நம் மொழி பேசியவர்தாம்; பலருக்கு உறவினருங்கூட. ஆனால் வேலைக்கு வந்த தலைகளை எண்ணித் தோட்டத்திடம் பணமும் பெற்றார். தோட்டம் மாறும் தொழிலாளியின் கடனைக் குறித்துத் துரை வழங்கிய ‘துண்டு’ என்ற சீட்டு அவனைத் தொடர்ந்து சென்றது. அதில் எழுதியிருந்ததை அவன் படிக்க அறியான். 1921ஆம் ஆண்டுச் சட்டமே அம்முறைக்கு முடிவு கட்டிற்று.

படியாமல் ‘அனுமதிக்கிறேன்’ என்று அழுத்துவது புதியதொரு கைநாட்டு என்பேன். இது வீண் அச்சமன்று. இணையப் பக்கங்களின் தோற்றத்தை மாற்றப் பலர் விரும்பிப் பயன்படுத்திய ஸ்டைலிஷ் என்ற நீட்சி, அவர்கள் சென்ற பக்கங்களின் விவரங்களைத் திரட்டியது 2018இல் வெளிப்பட்டது. பயர்பொக்ஸ், குரோம் ஆகியவற்றின் நீட்சிக் களஞ்சியங்களிலிருந்து அது அப்போது அகற்றப்பட்டது.

ஆதலின் ஆசிரியர்களுக்கு ஒரு விண்ணப்பம். இத்தகைய நிரல்களின் தலைப்பில், அவை எப்பக்கங்களில் இயங்கும் என்பதை ‘மாட்ச்’ என்ற வரியும், எச்சிறப்பு அதிகாரங்களைக் கேட்கின்றன என்பதை ‘கிராண்ட்’ என்ற வரியும் கூறும். முதற்பாடமாக இவ்விரு வரிகளையும் படிக்கக் கற்பியுங்கள். ஒரு தளத்திற்கெனச் சொல்லப்பட்ட நிரல் எல்லாத் தளங்களிலும் நுழைய இடம் கேட்டால், ‘ஏன்?’ என்று மாணவன் வினவட்டும். அடுத்த பாடமாக, பத்து வரியில் ஒரு நிரலை அவனே எழுதட்டும்.

“கணினியே போதாத தோட்டப் பாடசாலைக்கு இது எதற்கு?” என்பர் சிலர். கைத்தொலைபேசியின் பயர்பொக்ஸிலும் டாம்பர்மங்கி இயங்கும். நிரலின் வரிகளைப் படித்துப் பொருள் காணக் கரும்பலகையே போதும். மேலும், வசதி குறைந்தவனே பிறர் ஆக்கித் தந்ததை ஆராயாமல் ஏற்கும் நிலைக்கு எளிதில் ஆளாகிறான். அவனுக்கன்றோ இக்கல்வி முதலில் வேண்டும்!

பெயரெழுதக் கல்லாத பாட்டன் கைநாட்டு வைத்தான். அது அவன் குற்றமன்று. எழுத்தறிந்த பேரன் படியாமல் ஒப்பமிடுவானாயின், அக்குறை கற்பித்த நம்மையே சாரும்.