அபராதம் கட்டுகிறவர்களும் தண்டனை அனுபவிக்கிறவர்களும்

இங்கிலாந்துக் கால்பந்தில் 2023ஆம் ஆண்டு அடுத்தடுத்த மாதங்களில் இரண்டு கிளப்கள் மீது குற்றச்சாட்டு வந்தது. பிப்ரவரியில் மான்செஸ்டர் சிட்டி மீது பிரீமியர் லீக் நூற்றுக்கும் மேற்பட்ட விதிமீறல்களைச் சுமத்தியது. 2009 முதல் பல பருவங்களுக்குச் சரியான நிதிக் கணக்கைத் தரவில்லை, விசாரணைக்கு ஒத்துழைக்கவில்லை என்பவை அவற்றில் முக்கியமானவை. மார்ச்சில் எவர்டன் மீது ஒரே ஒரு குற்றச்சாட்டு. மூன்று ஆண்டுகளில் 10.5 கோடி பவுண்டுக்கு மேல் நட்டம் கூடாது என்ற வரம்பை அது தாண்டியிருந்தது. தாண்டிய தொகை 1.95 கோடி பவுண்டு.

எவர்டனுக்கு அந்த நவம்பரிலேயே 10 புள்ளிகள் போயின. மேல்முறையீட்டில் அது 6 ஆனது. அடுத்த கணக்குக்காக 2024 ஏப்ரலில் இன்னும் 2 புள்ளிகள் பறிக்கப்பட்டன. நாட்டிங்ஹாம் ஃபாரஸ்ட் மீது 2024 ஜனவரியில் குற்றச்சாட்டு வந்தது, மார்ச்சில் 4 புள்ளிகள் போயின. மொத்தமே இரண்டு மாதம். இவர்கள் எல்லோருக்கும் முன்னால் குற்றம் சாட்டப்பட்ட மான்செஸ்டர் சிட்டியின் வழக்கில் விசாரணை தொடங்கியதே 2024 செப்டம்பரில்தான். டிசம்பரில் வாதங்கள் முடிந்தன. அதன் பிறகும் மாதக்கணக்கில் தீர்ப்பு வரவில்லை.

பணக்காரக் கிளப்கள் நிதி விதிகளை மீறினால் உண்மையிலேயே தண்டனை உண்டா? உண்டு என்றுதான் சொல்ல வேண்டும். ஆனால் எல்லோருக்கும் ஒரே தண்டனை இல்லை. கட்ட முடிந்தவருக்கு அது பணமாக வருகிறது. கட்ட முடியாதவருக்குப் புள்ளி இழப்பாக, கீழ்ப் பிரிவுக்கு இறக்கமாக, சில நேரம் கிளப்பின் முடிவாகவே வருகிறது.

சாதியைப் பற்றி எழுதுகிற நாம் ஏன் ஐரோப்பியக் கால்பந்துக்குப் போகிறோம் என்று சிலர் கேட்கலாம். எவர்டனையோ ஃபாரஸ்டையோ நாம் சேரி மக்களோடு ஒப்பிடவில்லை. அவையும் கோடீஸ்வரர்களின் கிளப்கள்தான். பந்தாட்டக் கணக்கும் வன்கொடுமையும் ஒரே தட்டில் வைக்கத்தக்கவை அல்ல. ஆனால் ஒரு விதிப்புத்தகம் எல்லோருக்கும் பொது என்று சொல்லிக்கொண்டே ஆளுக்கொரு விதமாக எப்படி நடக்கிறது என்பதைப் பார்த்துப் பழகியவர்கள் நாம். ஏற்றத்தாழ்வு படிப்படியாக அடுக்கப்பட்டிருக்கிறது என்று அண்ணல் அம்பேத்கர் நமக்குக் காட்டினார். அந்தக் கண்ணோடு பார்த்தால் இந்த லீக் அட்டவணையிலும் சில விஷயங்கள் தெளிவாகத் தெரிகின்றன.

முதலில் பணத்தைப் பார்ப்போம். 2014இல் ஐரோப்பியக் கால்பந்து ஒன்றியமான யுஇஎஃப்ஏ, மான்செஸ்டர் சிட்டிக்கும் பாரிஸ் செயின்ட் ஜெர்மைனுக்கும் ஆளுக்கு 6 கோடி யூரோ அபராதம் என்று அறிவித்தது. அதில் 4 கோடி நிபந்தனையின் பேரில் நிறுத்திவைக்கப்பட்டது. முதல் கிளப் அபுதாபி அரச குடும்பத்து ஷேக்குக்குச் சொந்தம், இரண்டாவது கத்தார் அரசின் முதலீட்டு நிறுவனத்துக்குச் சொந்தம். எண்ணெய்க் கிணறும் எரிவாயுவும் உள்ளவரிடம் அபராதச் சீட்டை நீட்டினால் அவர் என்ன செய்வார்? கட்டிவிட்டு அடுத்த ஆட்டக்காரரை வாங்கப் போவார். 2017இல் பாரிஸ் கிளப் நெய்மரை 22.2 கோடி யூரோவுக்கு வாங்கியது. 2022இல் அதே கிளப்புக்கு 6.5 கோடி யூரோ அபராதம் என்று தலைப்புச் செய்தி வந்தது. உள்ளே படித்தால், உறுதியாகக் கட்ட வேண்டியது 1 கோடி. மீதி 5.5 கோடி மறுபடியும் நிபந்தனையின் பேரில். அதன் தலைவர் நாசர் அல் கெலாய்ஃபி 2019 முதல் யுஇஎஃப்ஏவின் செயற்குழுவிலேயே உறுப்பினர்.

2020 பிப்ரவரியில் ஒருமுறை உண்மையான தண்டனை வந்ததுபோல் இருந்தது. மான்செஸ்டர் சிட்டிக்கு ஐரோப்பியப் போட்டிகளில் இரண்டு பருவத் தடை, 3 கோடி யூரோ அபராதம். ஐந்தே மாதத்தில் சுவிட்சர்லாந்தின் லொசானில் உள்ள விளையாட்டு நடுவர் தீர்ப்பாயம் தடையை முழுவதும் நீக்கியது. அபராதம் 1 கோடி ஆனது, அதுவும் விசாரணைக்கு ஒத்துழைக்காததற்காக. சிட்டியின் அந்தப் பருவ வருமானம் ஏறத்தாழ 47.8 கோடி பவுண்டு. கணக்குப் போட்டுப் பார்த்தால் அந்த அபராதம் ஒரு வார வருமானம். மாதம் பத்தாயிரம் சம்பளம் வாங்குகிறவருக்கு இரண்டாயிரத்துச் சொச்சம் அபராதம் போட்டால் அந்த வாரம் அடுப்பு எரிவதே சிரமம். இவர்களுக்கு அது தண்டனை இல்லை, சுங்கச்சாவடிக் கட்டணம்.

இதை நாம் மட்டும் சொல்லவில்லை. எவர்டன் வழக்கை விசாரித்த ஆணையமே சொன்னது. பணக்கார உரிமையாளரின் ஆதரவுள்ள கிளப்புக்குப் பண அபராதம் போதுமான தண்டனை ஆகாது என்று எழுதித்தான் அது புள்ளிகளில் கை வைத்தது. எவர்டனுக்குப் பொருந்தும் அந்த நியாயம், எவர்டனைவிடப் பலமடங்கு செல்வம் உள்ளவர்களுக்குப் பத்தாண்டுகளாக ஏன் பொருந்தவில்லை?

இனி ஏணியின் கீழ்ப்படிகளுக்கு இறங்குவோம். லூட்டன் டவுன் 2008-09 பருவத்தை நான்காம் பிரிவில் கழித்தல் 30 புள்ளிகளோடு தொடங்கியது. முகவர்களுக்குப் பணம் கொடுத்ததில் நடந்த முறைகேட்டுக்காக 10, திவால் நிலையிலிருந்து விதிப்படி வெளியே வராததற்காக 20. முறைகேடு நடந்தது பழைய நிர்வாகத்தில், சுமை விழுந்தது புதிதாகப் பொறுப்பேற்றவர்கள் மீதும் ரசிகர்கள் மீதும். 1920 முதல் ஆடிவந்த லீக்கை விட்டே அந்த அணி வெளியேறியது. திரும்பி வர 2014 வரை ஆனது.

பரி என்ற ஊரின் கிளப் 1885இல் தொடங்கியது. இங்கிலாந்தின் எஃப்ஏ கோப்பையை இரண்டு முறை வென்றது. 2018 டிசம்பரில் அது ஒரே ஒரு பவுண்டுக்குக் கைமாறியது. ஆட்டக்காரர்களுக்கும் ஊழியர்களுக்கும் சம்பள பாக்கி. கிளப்பை நடத்தப் பணம் இருப்பதற்கு ஆதாரம் காட்ட முடியவில்லை என்று 2019 ஆகஸ்ட் 27 அன்று லீக்கிலிருந்தே நீக்கினார்கள். அந்த ஊர் மக்கள் எந்தக் கணக்குப் புத்தகத்திலும் கையெழுத்துப் போட்டவர்கள் இல்லை.

போர்ட்ஸ்மத் 2010இல் திவால் நிர்வாகத்துக்குள் போனபோது 9 புள்ளிகள் இழந்து பிரீமியர் லீக்கிலிருந்து இறங்கியது. அங்கே இன்னொரு விதியும் உண்டு. திவாலான கிளப் முதலில் மற்ற கிளப்களின் பாக்கியையும் ஆட்டக்காரர்களின் பாக்கியையும் முழுதாகத் தீர்க்க வேண்டும். மிச்சம் இருந்தால்தான் மற்றவர்களுக்கு. போர்ட்ஸ்மத்தின் கடன்காரர் பட்டியலில் முதலுதவித் தொண்டு அமைப்பான செயின்ட் ஜான் ஆம்புலன்ஸும் இருந்தது. மைதானத்தில் விழுந்தவரைத் தூக்கிச் சென்றவர்கள் வரிசையின் கடைசியில் நின்றார்கள். யார் முன்னால், யார் பின்னால் என்பது அங்கே விதியாகவே எழுதப்பட்டிருக்கிறது.

விதியை எழுதுவது யார் என்பதையும் கேட்க வேண்டும். பிரீமியர் லீக்கின் விதிகளை அதன் 20 கிளப்களே வாக்களித்து மாற்றுகின்றன, 14 வாக்குகள் வேண்டும். செல்சி தன் மைதானத்தை ஒட்டிய இரண்டு ஓட்டல்களைத் தன் சொந்தக் குழும நிறுவனத்துக்கே 7.65 கோடி பவுண்டுக்கு விற்று அதை வருமானமாகக் காட்டியது. பிறகு தன் மகளிர் அணியையும் தாய் நிறுவனத்துக்கே விற்றது. இடது பையிலிருந்து வலது பைக்குப் போன பணம் கணக்கில் லாபம் ஆனது. அப்போதைய லீக் விதியில் இதற்குத் தடை இருக்கவில்லை. இந்த ஓட்டையை அடைக்க 2024இல் வாக்கெடுப்பு நடந்தபோது தேவையான 14 வாக்குகள் கிடைக்கவில்லை. யுஇஎஃப்ஏ அந்த வருமானத்தை ஏற்க மறுத்து, 2025இல் செல்சிக்கு 3.1 கோடி யூரோ அபராதம் போட்டது. மறுபடியும் பணம்தான்.

பணத்தைவிடப் பெரிய சலுகை ஒன்று உண்டு. அது காலம். 2020இல் சிட்டி தப்பியதற்குக் காரணம் இரண்டு. சில குற்றச்சாட்டுகள் நிரூபணம் ஆகவில்லை என்று நடுவர்களில் பெரும்பான்மையினர் சொன்னார்கள். வேறு சிலவற்றை விசாரிக்கவே முடியாது, ஐந்தாண்டுக் காலவரம்பு கடந்துவிட்டது என்றார்கள். அந்தக் கிளப்பின் உள் மின்னஞ்சல்கள் ஜெர்மனியின் டேர் ஷ்பீகல் இதழில் வெளிவந்ததே 2018 நவம்பரில்தான். வெளியே தெரியாத ஒன்றைப் பற்றி யார் முன்பே புகார் கொடுத்திருக்க முடியும்? பாரிஸ் கிளப்பின் கணக்கை யுஇஎஃப்ஏ மறுபடி ஆராய முயன்றபோது, மறுஆய்வுக்கான பத்து நாள் கெடு தவறிவிட்டது என்று 2019இல் அதே தீர்ப்பாயம் அந்த முயற்சியைத் தள்ளுபடி செய்தது.

இந்த வாதங்கள் நம் காதுக்குப் புதியவை அல்ல. புகார் கொடுக்க ஏன் தாமதம் என்று கேட்டே நம் வழக்குகளின் காலை முறித்திருக்கிறார்கள். தாமதத்துக்குக் காரணம் யார் என்று கேட்டவர்கள் குறைவு. வன்கொடுமைத் தடுப்புச் சட்டத்தின் 2015ஆம் ஆண்டுத் திருத்தம், குற்றப்பத்திரிகை தாக்கலான இரண்டு மாதத்துக்குள் கூடியவரை வழக்கை முடிக்கச் சொல்கிறது. அந்த இரண்டு மாதம் எத்தனை ஆண்டுகளாக நீளும் என்று நீதிமன்ற வராந்தாவில் காத்திருக்கிறவர்களுக்குத் தெரியும். காலம் எல்லோருக்கும் ஒரே வேகத்தில் ஓடுவதில்லை.

சிட்டி வழக்கில் ஆவணங்களைக் கேட்டதையே எதிர்த்து அந்தக் கிளப் நீதிமன்றம் போனது. 2021இல் இங்கிலாந்தின் மேல்முறையீட்டு நீதிமன்ற நீதிபதி ஒருவர், இரண்டரை ஆண்டுகளாகியும் விசாரணை இவ்வளவு குறைவாகவே நகர்ந்திருப்பது வியப்பளிக்கிறது, மக்கள் கவலைப்பட வேண்டிய விஷயம் என்று எழுதினார். அதற்குள் அந்த அணி இரண்டு முறை சாம்பியன் ஆகிவிட்டதையும் அவர் குறிப்பிட்டார். லீக் 2019இல் விசாரணையை அறிவித்ததிலிருந்து 2024இல் வழக்கு விசாரணை தொடங்குவதற்குள் சிட்டி ஐந்து லீக் பட்டங்களை வென்றது. அந்த மின்னஞ்சல்களை வெளியே கொண்டுவந்த ரூயி பின்டோவுக்கோ 2023இல் லிஸ்பன் நீதிமன்றம் நான்கு ஆண்டுச் சிறைத் தண்டனையை நிறுத்திவைத்து விதித்தது. அவர்மீது நிரூபணமானவற்றில் பணம் பறிக்க முயன்றதும் ஒன்று, அதை நாம் நியாயப்படுத்தவில்லை. ஆனால் ரகசியத்தை உடைத்தவரின் வழக்கு முடிந்துவிட்டது, ரகசியத்தில் இருந்தது உண்மையா என்ற வழக்கு அதன் பிறகும் இழுத்தது.

இங்கே ஒரு நியாயமான எதிர்வாதம் உண்டு. எவர்டனும் ஃபாரஸ்டும் வரம்பைத் தாண்டியதை ஒப்புக்கொண்டன. சிட்டி எல்லாவற்றையும் மறுக்கிறது. நூறு குற்றச்சாட்டை விசாரிக்க ஒரு குற்றச்சாட்டைவிட நேரம் ஆகத்தான் செய்யும். நிரூபிக்கப்படும் வரை அவர்கள் குற்றவாளிகள் அல்ல. இதை நாம் முழுமையாக ஏற்கிறோம். பொய் வழக்குகளில் சிக்கிய இளைஞர்களுக்காக அலைகிறவர்கள் இந்த உரிமையை எதிரிக்கும் மறுக்க மாட்டார்கள். தீர்ப்பு எதுவாக இருந்தாலும் நம் வாதம் மாறாது. ஒப்புக்கொண்டவனுக்கு இரண்டு மாதத்தில் தண்டனை, மறுக்க வசதி உள்ளவனுக்கு ஆண்டுக்கணக்கில் அவகாசம் என்றால், அந்த ஏற்பாடு மற்றவர்களுக்கு என்ன பாடம் சொல்கிறது? ஒத்துழைக்காதே, நல்ல வக்கீலைப் பிடி என்பதைத்தானே?

பெரிய கிளப் எதுவும் அடிபட்டதே இல்லை என்றும் சொல்ல முடியாது. இத்தாலியின் யுவென்டஸ் 2023இல் 10 புள்ளிகளை இழந்தது. ஆட்டக்காரர் விற்பனையில் மதிப்பை ஊதிக் காட்டியது தொடர்பான வழக்கு அது. யுஇஎஃப்ஏவும் அதை ஒரு பருவம் ஐரோப்பியப் போட்டிகளிலிருந்து விலக்கியது. அங்கே மட்டும் எப்படி நடந்தது? டூரின் நகர அரசு வழக்கறிஞர்கள் உள்ளே புகுந்தார்கள். தொலைபேசியை ஒட்டுக்கேட்கவும் ஆவணங்களைக் கைப்பற்றவும் அதிகாரம் உள்ளவர்கள் அவர்கள். முதலில் விடுவித்த கால்பந்துச் சங்கம், அவர்கள் திரட்டிய சான்றுகளை வைத்தே வழக்கைத் திரும்பத் திறந்தது. கிளப்களின் தயவில் இல்லாத ஒரு கை வந்தால் பெரிய கதவும் திறக்கும் என்பதற்கு இது சாட்சி.

இங்கிலாந்தில் 2025இல் நிறைவேறிய கால்பந்து நிர்வாகச் சட்டம் ஒரு தனி ஒழுங்காணையத்தை உருவாக்கியிருக்கிறது. நல்லது. ஆனால் அதன் முதன்மை வேலை கிளப்கள் திவாலாகாமல் பார்ப்பது. லீக்கின் செலவு விதியை மீறியவருக்குத் தண்டனை தருவது இன்னும் லீக்கின் ஏற்பாட்டிலேயே இருக்கிறது.

செய்ய வேண்டியவை கடினமானவை அல்ல. குற்றச்சாட்டு வந்தால் எத்தனை மாதத்தில் தீர்ப்பு என்று விதியிலேயே எழுத வேண்டும். மறைக்கப்பட்ட விஷயத்தில் காலவரம்பு அது வெளியே தெரிந்த நாளிலிருந்து ஓட வேண்டும். எவ்வளவு மீறினால் எத்தனை புள்ளி என்ற அட்டவணை முன்கூட்டியே இருக்க வேண்டும். அபராதம் என்றால் வருமானத்தின் விகிதத்தில் வேண்டும். திவாலில் ஊழியர்களும் உள்ளூர்க் கடைக்காரரும் வரிசையின் முன்னால் வர வேண்டும். விதியை எழுதுகிறவர்களும் விதிக்குக் கட்டுப்படுகிறவர்களும் அதே இருபது பேராக இருக்கும் வரை இவற்றில் ஒன்றும் தானாக வராது.

ஒரு சட்டம் உயிரோடு இருக்கிறதா என்று அறிய, அது எளியவர்களை எவ்வளவு வேகமாகத் தண்டிக்கிறது என்று பார்த்துப் பயனில்லை. எவர்டன் போன்றவர்களைத் தண்டிக்கும் திறன் தனக்கு இருக்கிறது என்று லீக் காட்டிவிட்டது. தன்னைவிடப் பணக்காரரிடம் அதே வேகத்தில் கேள்வி கேட்க முடியுமா என்பதுதான் மிச்சமிருக்கிற சோதனை. அதில் அது இன்னும் தேறவில்லை.