தொப்பிக்கு உள்ள அத்தாட்சி

2024 ஓகஸ்ட்டில் லொஸ் ஏஞ்சல்சில் நடந்த ஏலமொன்றில் ஒரு தொப்பி 630,000 டொலருக்கு விலைபோனது. 'இண்டியானா ஜோன்ஸ்' வரிசையின் இரண்டாவது படமான 'ரெம்பிள் ஒவ் டூம்' (1984) படத்துக்காகச் செய்த தொப்பி. குசினிகளில் கோப்பை கழுவுகிற நாங்கள், அது எத்தனை வருடச் சம்பளம் என்று கணக்குப் பார்க்கப் போவதில்லை. காசுள்ளவன் தன் காசை எதிலும் கொட்டட்டும். எங்கள் வழக்கு 'அசல்' என்ற அந்தச் சொல்லோடுதான்.

பழைய சண்டைப்படங்களின் பொருட்களைச் சேர்ப்போர் இந்தச் சொல்லைப் பூசையில் வைத்திருக்கிறார்கள். படத்தை நிறுத்தி நிறுத்திப் பார்த்து, திரையில் தெரிகிற கீறலும் கையிலுள்ள பொருளின் கீறலும் ஒன்றா என்று ஒப்பிடுகிறார்கள். கிட்டக் காட்டுவதற்கான துப்பாக்கி எது, விழுந்தெழும்பும் காட்சிக்கான றப்பர்த் துப்பாக்கி எது என்று பிரிக்கிறார்கள். பிறகு கைமாறிய கடிதங்கள், அத்தாட்சிப் பத்திரம்.

இவ்வளவு பாடுபட்டுக் கிடைக்கிற அசல் என்ன? 'டொக்டர் நோ' (1962) கதையில் ஜேம்ஸ் பொண்டின் கையில் கொடுக்கப்படுவது வால்தர் பிபிகே. 2020இல் 256,000 டொலருக்கு விற்கப்பட்டதோ வால்தர் பிபி. 2019இல் 63 இலட்சத்து 85 ஆயிரம் டொலருக்குப் போன 'பொண்ட் கார்', 'தண்டர்போல்' (1965) படத்தின் விளம்பரத்துக்காக ஊரூராகக் காட்டப்பட்ட கார். அது திரையில் தோன்றவேயில்லை. அந்தத் தொப்பியைப் போட்டுக்கொண்டு விமானத்திலிருந்து றப்பர்ப் படகில் குதித்தவர் ஹரிசன் ஃபோர்ட் அல்ல, அவருக்காகக் குதித்த டீன் ஃபெராண்டினி. ஏலத்துக்கு வந்ததும் அவரது சேகரிப்பிலிருந்துதான். விலை மட்டும் நாயகனின் பேரில்!

இன்னும் கேளுங்கள். அந்தப் படத்தின் 'இந்தியக் கிராமம்' இந்தியாவில் இல்லை. திரைக்கதையை இந்திய அரசு ஆட்சேபித்ததால் படக்குழு 1983இல் கண்டிக்குப் போனது. அந்த 'இந்தியர்கள்' பேசுவது சிங்களம். கமராக்கள் மூட்டைகட்டிப் போய்ச் சில வாரங்களில் அதே தீவில் யூலை வந்தது. கண்டி உட்பட எத்தனையோ இடங்களில் எங்கள் சனத்தின் வீடுகளும் கடைகளும் எரிந்தன.

அகதி விசாரணை மேசையில் எங்களிடமும் 'அசல்' கேட்கிறார்கள். முதல்முறை சொன்ன திகதியும் இரண்டாம்முறை சொன்ன திகதியும் ஒத்துப்போகாவிட்டால் கதை பொய். உடம்பிலுள்ள தழும்புக்கு வைத்தியரின் கடிதம் வேண்டும். ஏலக்காரனும் அரசாங்கமும் ஒன்றா என்று சிலர் கேட்பார்கள். ஒன்றல்லத்தான். ஆனால் ஒரு தொப்பியின் கீறலை நம்புவதற்குச் சான்று தேடி அலைகிற இதே உலகத்தில்தான், மனிதனின் தழும்பை நம்பாமல் இருப்பதற்குச் சான்று கேட்கப்படுகிறது.

சேகரிப்போர் இல்லாவிட்டால் இவையெல்லாம் குப்பைக்குப் போயிருக்கும் என்பது எதிர்வாதம். இதில் நியாயமுண்டு. 1970இல் எம்ஜிஎம் நிறுவனமே தன் களஞ்சியத்தை ஏலத்தில் விற்றுத் தீர்த்தது. பாரிசில் ஹென்றி லாங்லுவா படச்சுருள்களோடு உடைகளையும் பொருட்களையும் தேடிச் சேர்த்து, 1972இல் ஒரு சினிமா அருங்காட்சியகத்தையே திறந்தார். ஆனால் அவர் சேர்த்தது எல்லோரும் பார்ப்பதற்கு. பூட்டிய அறைக்குள் விலையேறக் காத்துக்கிடக்கிற துப்பாக்கி சினிமா வரலாறல்ல, முதலீடு.

நாங்களும் வாடகை டெக், ஜெனறேற்றர் வைத்து இரவிரவாக இப்படங்களைப் பார்த்து விசிலடித்தவர்கள்தான். படங்களோடு எங்களுக்குப் பகையில்லை. பொருளை வைத்திருப்பவர், அதைச் செய்த தச்சனின், தைத்தவளின், நாயகனுக்காக விழுந்தவனின் பெயரையும் சேர்த்து வைத்திருக்கட்டும் என்கிறோம்.

எம்மவர்களிடமும் ஒன்று. பொருளாதாரத் தடைக்காலத்தில் சைக்கிள் டைனமோவைச் சுற்றி வானொலி கேட்டோம். ஜாம் போத்தலில் விளக்கெரித்துப் படித்தோம். அந்த டைனமோக்களும் விளக்குகளும் எங்கே? இன்னார் செய்தது, இன்ன ஊர், இன்ன வருடம் என்று எழுதிய துண்டுக் கடதாசியோடு அவற்றைச் சேர்த்து வைக்க இலட்சக்கணக்கில் டொலர் வேண்டாம். செய்தவர்கள் உயிரோடிருக்கும்போதே கேட்டெழுதினால் போதும்.